சினை இறால் என்று சொல்லி விற்றால், முதலில் முட்டையின் அளவைப் பாருங்கள்

மூன்று மாதமும் ஏழு இறால்களும் போன பிறகு எழுதுகிறேன். வீட்டுத் தொட்டியில் இறால் குட்டி எடுக்கலாம் என்று ஆசைப்பட்டு வாங்கப் போகிறவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

விற்றவர் பெயரைப் போடவில்லை. இப்படி விற்கிறவர் அவர் ஒருவர்தான் என்றும் நான் நினைக்கவில்லை.

நான் கேட்டது செர்ரி இறால், தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் சின்னச் சிவப்பு இறால். அவர் தந்தது "ஜப்பான் செர்ரி". பத்து இறால், அதில் இரண்டு ஏற்கெனவே சினை. எல்லாம் தன் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை என்று சத்தியம் செய்யாத குறை. ஒரு வீடியோவும் அனுப்பினார். வயிற்றுக்கு அடியில் பச்சையும் பழுப்புமாக முட்டைகள் திரண்டிருக்க, கால்களால் அவற்றை ஓயாமல் துழாவிக்கொண்டிருந்தது ஒரு இறால். அதைப் பார்த்த பிறகு நான் யோசிக்கவே இல்லை. உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கிறதே, சிவப்பு எங்கே என்று மட்டும் கேட்டேன். "கலர் போகப் போக ஏறும் ப்ரோ" என்றார். இதில் பாதி உண்மை. செர்ரி குட்டிகளுக்கு வளர வளரத்தான் நிறம் ஏறும். ஆனால் சிவப்பு என்று விற்கப்படும் இறால், சினை பிடிக்கும் வயதுக்குள் சிவந்திருக்க வேண்டும். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தொட்டியில் குறை இல்லை. நாற்பது லிட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், கொஞ்சம் ஜாவா மாஸ் என்ற தண்ணீர்ச் செடி. ஆறு வாரம் வெறுமனே ஓடவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் இறாலை விட்டேன். பிஎச் 7.2, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) 180, வெப்பம் 25 டிகிரி. மீன் ஒன்றுகூடக் கிடையாது.

இரண்டாவது வாரம் இரண்டு தாய்களின் வயிறும் காலி. குட்டி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கேட்டால், "தண்ணி செட் ஆகல ப்ரோ, அதான்" என்று ஒரு பாக்டீரியா பாட்டிலும் ஒரு மினரல் சொட்டும் விற்றார். வாங்கினேன். அடுத்த சில வாரங்களில் ஒன்று தோல் உரித்து மறுபடி சினை பிடித்தது. இந்த முறை விடக்கூடாது என்று தினமும் ராத்திரி டார்ச்சோடு தொட்டி முன்னால் உட்கார ஆரம்பித்தேன்.

அது சினை பிடித்த ஐந்தாவது வாரத்தில் ஒரு ராத்திரி. டார்ச்சை அடித்தால் வெளிச்சத்தை நோக்கித் தூசி தூசியாக ஏதோ கூடுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு கமாவைவிடச் சின்னது. இரண்டு கருப்புக் கண், தலை கீழே, வால் மேலே. தண்ணீரில் தொங்கிக்கொண்டு துடித்துத் துடித்து நகர்கின்றன. நூற்றுக்கணக்கில். சந்தோஷத்தில் அந்த நேரத்திலேயே அவருக்கு வீடியோ அனுப்பினேன். "சூப்பர் ப்ரோ, அதான் குட்டி! பவுடர் ஃபுட் போடுங்க" என்றார். அதையும் அவரிடமே வாங்கினேன். பவுடர் கைக்கு வருவதற்குள் தொட்டியில் ஒன்றுகூட மிச்சமில்லை.

அடுத்து அவர் சொன்னது ஃபங்கஸ். இந்த மருந்தை ஊற்றினால் அடுத்த பேட்ச் தப்பிக்கும் என்றார். ஊற்றினேன். மறுநாள் காலையில் ஐந்து இறால்கள் ஒருக்களித்துக் கிடந்தன, இரண்டு கண்ணாடியில் முட்டி முட்டி வெறி பிடித்த மாதிரி நீந்திக்கொண்டிருந்தன. பாதித் தண்ணீரை மாற்றி ஃபில்டரில் கரியைப் போட்டும் அந்த இரண்டும் மதியத்துக்குள் போய்விட்டன. பிறகுதான் பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன்: காப்பர் சல்பேட். மயில்துத்தம்! இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே தாமிரம் சேர்ந்த ஒரு புரதம்தான். ஆனால் அதே தாமிரம் தண்ணீரில் கரைந்து வந்தால் இறாலுக்கு விஷம். மீனுக்குப் பயன்படுத்தும் எத்தனையோ மருந்துகளில் இது இருக்கிறது. ஊற்றுவதற்கு முன்னால் படிக்காதது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். இறாலையே விற்கிறவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

செத்ததில் பெரியதை ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்த்தேன். நாலரை சென்டிமீட்டர். செர்ரி மூன்றைத் தாண்டுவதே அபூர்வம். பக்கவாட்டில் பழுப்பு நிறத்தில் வரிசையாகக் கோடு கோடாகப் புள்ளிகள். பெண் என்றால் கோடு மாதிரி நீண்டிருக்கும், ஆண் என்றால் தனித்தனிப் புள்ளி. சந்தேகமே இல்லை, அமானோ இறால்.

அமானோ மோசமான இறால் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பாசி தின்பதில் அதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. 1980களில் ஜப்பானின் தகாஷி அமானோ தன் செடித் தொட்டிகளில் பாசியை ஒழிக்க இதைப் பயன்படுத்தித்தான் இது உலகம் முழுக்கப் பரவியது. பழைய அறிவியல் பெயர் கரிடினா ஜப்போனிக்கா, 2006இலிருந்து கரிடினா மல்டிடென்டேட்டா. "ஜப்பான்" எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? "செர்ரி"தான் அவர் சொந்தச் சரக்கு.

சிக்கல் இதன் குட்டியில்தான் இருக்கிறது. பெரிய இறால்கள் நன்னீர் ஓடைகளில் இருக்கும், அங்கேயே சினையும் பிடிக்கும். பொரிவது குட்டி இல்லை, லார்வா, அதாவது இறால் உருவம் இன்னும் வராத மிதக்கும் பருவம். அது ஓடையோடு அடித்துக்கொண்டு போய்க் கடல் உப்பில் வளர்ந்து, குட்டி இறாலாக மாறிய பிறகுதான் திரும்ப நன்னீருக்கு ஏறும். நம் தொட்டியில் சில நாளில் செத்துவிடும். தனிப் பாத்திரத்தில் உப்புத் தண்ணீர் வைத்து வளர்த்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது வாரக்கணக்கில் கண்விழிக்கும் வேலை. அதனால்தான் விற்பனைக்கு வருகிற அமானோக்களில் பெரும்பகுதி ஓடையில் பிடித்தவை. "என் தொட்டியிலேயே பிறந்தது" என்ற பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் எழுதிக் கேட்டதற்கு வந்த பதில் இது: "சினை இருக்குன்னுதான் சொன்னேன் ப்ரோ, குட்டி பொழைக்கும்னு சொன்னேனா?" அத்தோடு என்னை பிளாக் செய்துவிட்டார்.

உண்மையில் அந்த முதல் வீடியோவிலேயே விடை இருந்தது. செர்ரி சுமப்பது இருபது, முப்பது முட்டை. ஒவ்வொன்றும் பெரிது, பொறுமை இருந்தால் எண்ணிவிடலாம். மூன்று, நான்கு வாரத்தில் பொரிந்தால் தாயை அப்படியே சுருக்கி வைத்த மாதிரி இரண்டு மில்லிமீட்டரில் குட்டி இறங்கும். இறங்கிய அன்றே மாஸில் உட்கார்ந்து மேய ஆரம்பித்துவிடும். அமானோ சுமப்பது ஆயிரத்துக்கும் மேல். ரவை மாதிரி அப்பியிருக்கும், எண்ணவே முடியாது. பொடியாகவும் எக்கச்சக்கமாகவும் முட்டை இருந்தால் அது லார்வா விடுகிற ஜாதி என்று வைத்துக்கொள்ளலாம். சினை வீடியோவைப் பார்த்து மயங்காமல், தாயும் பல அளவுக் குட்டிகளும் ஒரே தொட்டியில் மேய்கிற வீடியோவைக் கேளுங்கள். உண்மையிலேயே குட்டி எடுக்கிறவரிடம் அது இல்லாமல் இருக்காது.

செர்ரியே வாங்கினாலும் ஒரு விஷயம். நன்றாகச் சிவந்த, பெரிய பெண்களாகப் பொறுக்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் மொத்த ஆயுளே ஒன்றிலிருந்து இரண்டு வருடம்தான், முக்கால்வாசி முடிந்ததைத் தள்ளிவிடுவார்கள். ஒரு சென்டிமீட்டர் அளவில் பத்துப் பதினைந்து கலந்து வாங்கினால் ஆணும் பெண்ணும் தானாக அமையும்.

அப்படித்தான் வேறொரு வளர்ப்பவரிடம் வாங்கினேன். தாமிரம் பட்ட தொட்டியை நம்பாமல் புதிதாக ஒன்று வைத்து அதில் விட்டேன். இப்போது மாஸைக் கையால் விலக்கினால் பொடிப் பொடியாகத் தெறித்து ஓடுகின்றன.

பழைய தொட்டியில் மிஞ்சிய மூன்று அமானோக்கள் நன்றாகப் பாசி தின்றுகொண்டிருக்கின்றன. அதில் ஒன்று மறுபடியும் சினை.