ரிப்போர்ட் நார்மல், ரத்தப்போக்கு நிற்கவில்லை: தைராய்டு பொடியை நம்பி ஏமாந்தேன்

தைராய்டை "வேரோடு குணமாக்கும்" பொடி என்று விளம்பரம் பார்த்து, மாத்திரையை நிறுத்தலாமா என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். நான் நிறுத்தினேன். நான்கே மாதத்தில் ஹீமோகுளோபின் 7.6க்கு இறங்கி ஆஸ்பத்திரியில் படுத்தேன்.

எனக்குத் தைராய்டு குறைபாடு இருப்பதே மாதவிடாயால்தான் தெரியவந்தது. இரண்டு மாதம் வராது. வந்தால் பன்னிரண்டு நாள் போகும், கட்டி கட்டியாக விழும். டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது கூடும்) பார்த்தபோது 42. சாதாரணமாக 4ஐ ஒட்டித்தான் அதன் மேல் எல்லை. தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சின் 75 மைக்ரோகிராம் ஆரம்பித்து ஐந்தாறு மாதத்தில் 30 நாளுக்கு ஒருமுறை, ஐந்து நாளில் நிற்கும்படி ஆனது. மூன்று வருடம் அப்படியே ஒழுங்காகப் போனது.

முடி கொட்டுவது மட்டும் குறையவில்லை. அதற்கு வழி தேடும்போதுதான் இந்தப் பொடி விற்பவர்கள் கண்ணில் பட்டார்கள். போனில் பேசிய ஆலோசகர் அவ்வளவு தன்மையாகப் பேசினார். "ஆயுசு முழுக்க மாத்திரைன்னு உங்களைப் பயமுறுத்தி வச்சிருக்காங்க அக்கா. இன்னைக்கே நிறுத்திடுங்க. ரெண்டும் சேர்ந்தா பொடி வேலை செய்யாது." ஆறு மாதத்துக்கான பணத்தையும் மொத்தமாகக் கட்டினேன்.

முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பொடிதான் காப்பாற்றுகிறது என்று நினைத்தேன். உண்மையில் தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். பழைய மாத்திரைதான் மிச்சமிருந்து வேலை செய்துகொண்டிருந்தது.

அடுத்த மாதவிடாய் பத்து நாள் தள்ளி வந்து, ஒன்பது நாள் போனது. போன் செய்தேன். "கெட்ட ரத்தம் வெளியேறுது அக்கா, நல்ல அறிகுறிதான்" என்றார்.

இரண்டாம் மாதக் கடைசியில் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். "காலையில் பொடியைச் சாப்பிட்டுட்டே போங்க, விட்டுடாதீங்க" என்று இரண்டு முறை சொன்னது இன்றும் காதில் நிற்கிறது. ரிசல்ட்டில் டிஎஸ்எச் 3.1, டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) நார்மல். சந்தோஷத்தில் அழுதேவிட்டேன்.

அதன் பிறகு வந்த மாதவிடாய் பதினாறு நாள். அலுவலக நாற்காலியில் துண்டை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின். மாடிப்படி ஏறும்போது கண் இருட்டியது. காகிதம் நார்மல் என்கிறது, உடம்பு இல்லை என்கிறது. நான் காகிதத்தை நம்பினேன்.

மயங்கி விழுந்த பிறகு பார்த்த டாக்டர், முதலில் கேட்டது "வேறென்னம்மா சாப்பிடுறே?" என்றுதான். டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, அடியில் இருந்த மிகச் சின்ன எழுத்தைப் படித்தார். ஒரு கரண்டியில் பயோட்டின் என்ற வைட்டமின் 10 மில்லிகிராம். நான் தினமும் மூன்று கரண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் போதுமான அளவே 30 மைக்ரோகிராம்தான்; நான் சாப்பிட்டது அதைப்போல் ஆயிரம் மடங்கு. பல லேப்களின் தைராய்டு பரிசோதனையே பயோட்டின் ஒட்டுவதை வைத்து நடக்கிறது. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும், டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். ஐந்து நாள் பொடியை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தார்கள். டிஎஸ்எச் 47.

ரத்தம் ஏன் அப்படிப் போனது என்றும் விளக்கினார். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் மூளையிலிருந்து வரும் தூண்டுதலில் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடிவிடலாம், கருமுட்டை வெளியேறுவது தடைபடும். முட்டை வெளியேறாவிட்டால், கர்ப்பப்பையின் உள்சவ்வைக் கட்டுக்குள் வைக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சுரக்காது. அந்தச் சவ்வு தடித்துக்கொண்டே போய், ஒருநாள் கட்டுப்பாடில்லாமல் உடைந்து கொட்டும். ரத்தம் உறைவதும் மந்தமாகும். கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது. போனதெல்லாம் என் நல்ல ரத்தம்.

முடிக்கென்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்களும் டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். ஒரு மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தால் யாரிடமும் போனில் ஆலோசனை கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அந்த எண் இப்போது எடுப்பதில்லை. விளம்பரம் மட்டும் இன்னும் ஓடுகிறது.

மறுபடி தைராக்சின் காலை வெறும் வயிற்றில், இரும்புச்சத்து மாத்திரை அதற்கு நாலு மணி நேரம் கழித்து. எட்டாம் வார டெஸ்ட் போன வாரம் எடுத்தேன்: டிஎஸ்எச் 6.8, ஹீமோகுளோபின் 10.2. இந்த மாதம் ஏழாம் நாள் நின்றது.