ஹா ஜியாங் மலைச்சுற்று: வண்டியை நாமே ஓட்டுவதா, ஓட்டுநரோடு போவதா?

வியட்நாமின் வடக்கு மூலையில், சீன எல்லையை ஒட்டி, ஹா ஜியாங் நகரில் தொடங்கி அதே நகரில் முடியும் சுமார் 350 கிலோமீட்டர் மலைப்பாதையைத்தான் பயணிகள் ‘லூப்’ என்கிறார்கள். இதைச் சுற்றிவர மூன்று விதமான சேவை கிடைக்கிறது. வண்டியை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாம். உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போகலாம். இதற்கு ‘ஈஸி ரைடர்’ என்று பெயர். இல்லாவிட்டால் ஜீப். சின்னக் குழந்தைகளோ முட்டிவலிக்காரர்களோ கூட வந்தால் ஜீப்பே சரி. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நான்கு நாள், மூன்று இரவு, டு ஜியா என்கிற கிராமத்தின் வழியாகத் திரும்பும் பாதை, ஆறு பேருக்கு மேற்படாத குழு, உள்ளூர் ஓட்டுநர். கொடுத்த காசுக்கு மிகுதியாகவே கிடைக்கிற ஏற்பாடு இதுதான். இருபது முப்பது வண்டிகள் வரிசையாகப் போய், இரவில் கரோக்கேயும் மக்காச்சோளச் சாராயமுமாக முடியும் மூன்று நாள் மலிவுத் திட்டத்தை எடுக்க வேண்டாம். பாதை என்னவோ அதேதான். ஆனால் அந்த வரிசையில் போகிறவருக்கு முன்னால் போகும் வண்டியின் புகையும் சக பயணிகளின் முதுகும்தான் தெரியும். இந்த மலைக்கு இவ்வளவு தூரம் வருவது, பளபளப்பாக்கப்படாத ஒரு வாழ்க்கையை அருகிலிருந்து பார்க்க. அதற்கு வேகம் குறைய வேண்டும், கூட்டம் குறைய வேண்டும்.

நாமே ஓட்டலாமா? முதலில் உரிமம். 50 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு வியட்நாமில் உரிமம் கட்டாயம். வெளிநாட்டவரின் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1968 வியன்னா உடன்படிக்கையின் கீழ் தரப்பட்டதாக, மோட்டார் சைக்கிள் பிரிவுக்கு முத்திரை குத்தப்பட்டதாக இருக்க வேண்டும். ஊரில் வாங்கிய மூல உரிமமும் கையில் வேண்டும். 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி தரும் அனுமதி இங்கே செல்லாது. அட்டையின் மேலட்டையிலேயே எந்த ஆண்டு உடன்படிக்கை என்று அச்சிட்டிருக்கும், கிளம்பும் முன் பாருங்கள். வாடகைக் கடைக்காரர் “பரவாயில்லை” என்று சாவியைக் கொடுத்துவிடுவார். செல்லுபடியாகாத அனுமதியோடு விழுந்தால் பயணக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது என்பதை அவர் சொல்லமாட்டார். போலீஸ் அபராதம் கட்டினால் முடிந்துவிடும், உடைந்த காலுக்கான மருத்துவச் செலவு அப்படி முடியாது.

உரிமம் சரியாக இருந்தால் வண்டி. ஹோண்டா வேவ் 110 போன்ற செமி ஆட்டோமேட்டிக்தான் இந்தப் பாதைக்குப் பொருத்தம். கிளட்ச் பிடி கிடையாது. பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் கியர் ஏறும், குதிகாலால் மிதித்தால் இறங்கும். இறக்கத்தில் இரண்டாம் கியரில் போட்டுவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இந்த வசதி குறைவு. ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் தணிந்ததும் உள்ளே இருக்கும் கிளட்ச் தானாக விலகிக்கொள்ளும். பிறகு மொத்தப் பாரமும் பிரேக்கின் மேல்தான். பத்து கிலோமீட்டர் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் டிரம் சூடேறி, பிடித்தாலும் நிற்காத நிலை வரும். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி அது தானாக ஆறும்வரை காத்திருங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

செமி ஆட்டோமேட்டிக் புதிதாக ஓட்டுகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. வேகமாக வரும்போது குதிகாலால் சட்டென்று மிதித்துச் சட்டென்று விடுவார்கள். பின்சக்கரம் ஒரு கணம் கட்டிக்கொண்டு வழுக்கும். கியரை மிதித்தபடியே ஆக்சிலரேட்டரை லேசாக முறுக்கி, பிறகு பாதத்தை மெதுவாக விட வேண்டும். ஹா ஜியாங் நகரத்துத் தெருக்களில் அரை மணி நேரம் இதைப் பழகிக்கொள்ளாமல் பாக் சும் ஏற்றத்துக்குப் போகாதீர்கள். முதல் நாளின் முதல் பெரிய வளைவுகள் அங்கேதான்.

வண்டியை வாங்கும்போது டயரின் பள்ளங்கள் தேய்ந்திருக்கிறதா, சங்கிலி தொங்குகிறதா, முன் பிரேக் பிடியை இறுக்கினால் கைப்பிடியைத் தொடுகிறதா என்று பாருங்கள். முன்விளக்கும் ஹாரனும் வேலை செய்ய வேண்டும். வண்டி முழுவதையும் கடைக்காரர் முன்னிலையில் வீடியோ எடுங்கள், பழைய கீறல்களோடு. பதிவுச் சான்றின் நகலும் கட்டாயக் காப்பீட்டுச் சீட்டும் கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் பதிலுக்கு வைப்புத்தொகை தருவதாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு இரவும் தங்கும் வீட்டில் பதிவு செய்யப் பாஸ்போர்ட் வேண்டும். பெட்ரோல் டேங்க் நாலு லிட்டருக்கும் குறைவு, அதனால் பாதி ஆனதும் நிரப்புங்கள். மூன்றாம் நாள் வரும் மேயோ வாக் ஊரில் முழுக்க நிரப்பாமல் டு ஜியா பக்கம் திரும்ப வேண்டாம். பஞ்சர் பற்றிக் கவலையில்லை. ‘சுவா ஸே’ என்று எழுதிய பலகை எல்லா ஊரிலும் உண்டு, வண்டி பழுதுபார்க்கும் இடம் என்று பொருள்.

விபத்துகள் பெரும்பாலும் பள்ளத்தாக்கில் விழுவதால் நடப்பதில்லை. வளைவின் உட்புறத்தில் கொட்டிக் கிடக்கும் சரளையில் முன் பிரேக்கைப் பிடிப்பது, எதிரே வரும் லாரி வளைவை வெட்டிக்கொண்டு நம் பக்கம் வருவது, மூடுபனியில் எருமை: இந்த மூன்றும்தான் காரணம். எந்த வளைவுக்கும் முன்னால் ஹாரன் அடியுங்கள். இங்கே அது முரட்டுத்தனம் இல்லை, “நான் வருகிறேன்” என்கிற அறிவிப்பு. வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் பிரேக் கூடாது. இந்தச் சாலையில் மணிக்கு 25–30 கிலோமீட்டர்தான் சராசரி. நூறு கிலோமீட்டர் என்று வரைபடம் காட்டினால் நிறுத்தங்களோடு அது ஒரு முழு நாள்.

இதையெல்லாம் படித்துத் தயக்கம் வந்தால் ஈஸி ரைடரை எடுங்கள், அதில் குறைவொன்றுமில்லை. பின்னால் உட்கார்ந்தவருக்குத்தான் மலையைப் பார்க்க இரண்டு கண்களும் மிஞ்சும். நான்கு நாளுக்கு ஓட்டுநர், தங்குமிடம், சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து சுமார் 40 முதல் 55 லட்சம் டாங் (வியட்நாம் நாணயம்) ஆகும். நாமே ஓட்டினால் வண்டி வாடகை நாளுக்குச் சுமார் ஒன்றரை முதல் இரண்டரை லட்சம் டாங், சாப்பாடும் படுக்கையும் தனி.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை சில. ஒரு குழுவில் எத்தனை வண்டி? ஓட்டுநர் இந்த மலைக்காரரா? எந்தெந்த ஊரில் இரவு? மழையில் பாதை அடைபட்டால் மாற்று என்ன? முகம் முழுதும் மூடும் ஹெல்மெட் நம் தலை அளவுக்கு உண்டா? கடைசிக் கேள்விக்கு “எல்லோருக்கும் ஒரே அளவுதான்” என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். தளர்ந்த ஹெல்மெட் விழும்போது கழன்றுவிடும்.

சாராயத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். இரவுச் சாப்பாட்டோடு மக்காச்சோளத்தில் வடித்த சாராயத்தைச் சின்னக் குவளையில் ஊற்றி, “மோத், ஹாய், பா!” (ஒன்று, இரண்டு, மூன்று) என்று எல்லோரும் சேர்ந்து குடிப்பது வழக்கம். வரவேற்பின் அடையாளம் அது. ஒரு மடக்கு எடுத்துக்கொள்ளலாம், குவளையைக் கையால் மூடி மறுத்தாலும் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் 2020 ஜனவரி 1 முதல் வியட்நாமில் வண்டி ஓட்டுபவரின் மூச்சில் துளி மதுவும் இருக்கக் கூடாது. நள்ளிரவு வரை குடித்தவர் காலை எட்டு மணிக்கும் சுத்தமாக இருக்கமாட்டார். உங்கள் ஓட்டுநர் அப்படிக் குடித்திருந்தால், மறுநாள் வேறு ஓட்டுநரைக் கேளுங்கள். சங்கடப்பட்டுச் சும்மா இருந்துவிட வேண்டிய விஷயம் இல்லை இது.

இப்போது பாதை. முதல் நாள் குவான் பா வழியாக யென் மின் வரை. இடையில் லுங் தாம் கிராமத்தில் மோங் இனப் பெண்கள் நடத்தும் நெசவுக் கூட்டுறவில் ஒரு மணி நேரமாவது நில்லுங்கள். சணல் இனத் தண்டின் பட்டையை உரித்து, இழைகளைக் கையால் இணைத்து, சாம்பல் நீரில் வேகவைத்து வெளுத்து, நெய்த துணியை உருளைக் கட்டையின் மேல் பரப்பி, அதன்மேல் பலகைக் கல்லை வைத்து, கல்லின் மேல் ஏறி நின்று இப்படியும் அப்படியும் ஆடி மழமழப்பாக்குகிறார்கள். தேன்மெழுகால் கோலம் வரைந்து அவுரியில் முக்குவது அதற்குப் பிறகு. இதைப் பார்த்துவிட்டால் அங்கே சொல்லும் விலை ஏன் என்று புரியும். பேரம் பேசத் தோன்றாது.

இரண்டாம் நாள் கல் காடு. தோங் வான் பீடபூமி 2010-இல் யுனெஸ்கோ புவிப் பூங்காவானது, வியட்நாமில் முதலாவது. கரும் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே ஒரு கைப்பிடி மண் தங்கும் பொந்துகளில், சில இடங்களில் முதுகில் சுமந்துவந்த மண்ணைக் கொட்டி, மக்காச்சோளம் விதைக்கிறார்கள். இரவில் தட்டில் வரும் ‘மென் மென்’ அந்தச் சோளம்தான்: அரைத்து, நீர் தெளித்து, இருமுறை ஆவியில் வேகவைத்தது. உதிர் உதிராக இருக்கும், குழம்பில்லாமல் விழுங்கக் கஷ்டம். சா பின்னில் மோங் தலைவர் வுவோங் குடும்பத்தின் மாளிகை இருக்கிறது. அபின் வணிகத்தால் எழுந்த வீடு என்பதை ஒளிக்காமல், தூண்களின் அடிக்கல்லே அபின் எடுக்கும் கசகசா காயின் வடிவில். அங்கிருந்து லுங் கு கொடிமேடை. வியட்நாமின் 54 இனங்களைக் குறித்து 54 சதுர மீட்டர் கொடி. நேரம் குறைவென்றால் கொடிமேடையை விட்டுவிட்டு அதன் அடிவாரத்து லோ லோ சாய் கிராமத்தில் மண்சுவர் வீடுகளுக்கிடையே நடங்கள்.

வழியில் தாம் மா ஏற்றத்தில் பூக்கூடை சுமந்த குழந்தைகள் படமெடுக்க நிற்பார்கள். பணமோ மிட்டாயோ தராதீர்கள். அங்கே கிடைக்கும் காசுதான் அவர்களைப் பள்ளி நேரத்தில் சாலையோரம் நிறுத்துகிறது.

மூன்றாம் நாளுக்காகத்தான் எல்லோரும் வருகிறார்கள். தோங் வானிலிருந்து மேயோ வாக் வரை மா பி லெங் கணவாய், சுமார் 20 கிலோமீட்டர். கீழே பச்சை நூலாக ந்யோ குவே ஆறு. ஹா ஜியாங்கிலிருந்து மேயோ வாக் வரையான இந்தச் சாலைக்கு ‘மகிழ்ச்சிச் சாலை’ என்று பெயர். 1959-இல் தொடங்கி 1965-இல் முடித்தார்கள். கடப்பாரை, சுத்தியல், வெடிமருந்து. வேறு பெரிய கருவி இல்லை. மா பி லெங் பாறைமுகத்தில் இளைஞர்கள் இடுப்பில் கயிறு கட்டித் தொங்கியபடி பதினோரு மாதம் பாறையைக் குடைந்தார்கள். அவர்களுக்கு வழியிலேயே ஒரு நினைவிடம் உண்டு. காட்சிமேடையில் படமெடுக்கும் கூட்டத்தில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள்.

மேயோ வாக்கிலிருந்து டு ஜியா வரை சுமார் 70 கிலோமீட்டர். சாலை குறுகல், சில இடங்களில் தார் பெயர்ந்திருக்கும், மழைக்குப் பின் மண் வழிந்து கிடக்கும். மூன்று நாள் திட்டங்கள் அவசரமாகத் தாண்டிப் போகும் பகுதி இது. பயணத்தின் நல்ல இரவு கிடைப்பதும் இங்கேதான். தை மக்களின் தூண்மேல் வீட்டில், மூங்கில் தரையில் மெத்தை, கொசுவலை, திரைச்சீலையே சுவர். சேவல் நாலு மணிக்குக் கூவும், காதடைப்பான் எடுத்துச் செல்லுங்கள். குளிர்காலத்தில் வெந்நீர் முதல் நாலைந்து பேருக்குத்தான் வரும், வந்ததும் குளித்துவிடுங்கள்.

சைவ உணவு வேண்டுவோர் ‘ஆன் சாய்’ என்று காலையிலேயே ஓட்டுநரிடம் சொல்லிவைக்க வேண்டும். டோஃபு, கீரை வதக்கல், வேகவைத்த காய், சோறு கிடைக்கும். வெறுமனே “இறைச்சி வேண்டாம்” என்றால் மீன் சாறு கட்டாயம் விழும். அசைவக்காரர்கள் சந்தையில் ‘தாங் கோ’ பார்க்கலாம்: குதிரையின் இறைச்சியும் குடலும் பெரிய கொப்பரையில் வேகும். வாடை கடுமை; ஒரு கிண்ணத்தை இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள்.

சந்தை என்றதும், கிளம்பும் நாளை வெள்ளிக்கிழமையாக வைத்துக்கொள்ளுங்கள். தோங் வானிலும் மேயோ வாக்கிலும் ஞாயிறு சந்தை. வெள்ளி கிளம்பினால் சனி இரவு தோங் வானில் தங்கி, ஞாயிறு காலை ஆறரைக்குச் சந்தையில் நிற்கலாம்; மதியத்துக்குள் மேயோ வாக் போனால் மாடு விற்கும் இடத்தையும் பார்த்துவிடலாம். இதே சுற்று திங்களன்று கிளம்பினால் இரண்டும் இல்லை.

பருவத்தில் செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை சிறந்தது. அக்டோபர், நவம்பரில் பக்வீட் என்கிற தானியப் பயிர் பூக்கும், கூட்டமும் அப்போதுதான் அதிகம். மார்ச், ஏப்ரலில் ஆள் குறைவு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மண்சரிவு. ஒரு நாளை உதிரியாக வைத்துக்கொள்ளாமல் விமான டிக்கெட் எடுக்க வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் கையுறையும் காற்றுத் தடுக்கும் மேலாடையும் இல்லாமல் பின்னிருக்கையில்கூட உட்கார முடியாது.

ஹனோயிலிருந்து ஹா ஜியாங் சுமார் 300 கிலோமீட்டர், ஸ்லீப்பர் பஸ்ஸில் ஆறேழு மணி நேரம். 2025 ஜூலை 1 முதல் ஹா ஜியாங் மாகாணம் துயென் குவாங் மாகாணத்தோடு இணைந்துவிட்டது. அதனால் முகவரிகளில் துயென் குவாங் என்று வருகிறது. பஸ் டிக்கெட்டில் மட்டும் ஹா ஜியாங் என்று இருக்கிறதா பாருங்கள். துயென் குவாங் நகரம் தெற்கே வெகு தூரத்தில் உள்ள வேறு ஊர். பெரிய பெட்டியைக் கடையில் விட்டுவிட்டு 30 லிட்டர் பை ஒன்றை மட்டும் வண்டியில் கட்டுங்கள், உள்ளே எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு. மலையில் வியெட்டெல் சிம்தான் எடுக்கும். பணத்தை ஹா ஜியாங்கிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். இருபதாயிரம் நோட்டும் ஐந்து லட்சம் நோட்டும் நீலமாகவே இருக்கும், மங்கிய வெளிச்சத்தில் மாறிப்போகும். இரண்டையும் தனித்தனிப் பையில் வையுங்கள்.

நான்காம் நாள் டு ஜியாவிலிருந்து ஹா ஜியாங்குக்குப் பாதி நாள் போதும். ஆனாலும் மதியம் இரண்டு மணி பஸ்ஸுக்குச் சீட்டு போடாதீர்கள், மாலை பஸ்ஸே சரி. வண்டியைத் திருப்பித் தரும் முன் அதைக் கழுவி, முதல் நாள் எடுத்த வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரோடு சேர்ந்து சுற்றிப் பாருங்கள். வைப்புத்தொகையை எண்ணி வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.