தினமும் வாயில் போட எது: அதிமதுரமா, சித்தரத்தையா?

தொண்டை கட்டினால் நாட்டு மருந்துக் கடையில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் வாங்குகிறோம். ருசியில் அதிமதுரத்துடன் சித்தரத்தை போட்டியே போட முடியாது. அதிமதுரக் குச்சியை மென்றால் நார் நாராகப் பிரிந்து இனிப்பு ஊறும். சித்தரத்தையோ சின்னத் துண்டை அடக்கினாலே சுள்ளென்று காரம் ஏறும்.

இருமலுக்கு இரண்டு மூன்று நாள் என்றால், கடைசியில் சொல்லும் பட்டியலில் இல்லாதவர்கள் எதையும் எடுக்கலாம். பழக்கமாகிவிட்டால்தான் சிக்கல். அதிமதுரத்தின் இனிப்பு கிளைசிரைசின் என்ற பொருளிலிருந்து வருகிறது. கார்டிசால் ஹார்மோனைச் சிறுநீரகத்தில் ஒரு நொதி செயலிழக்கச் செய்யும். கிளைசிரைசின் அந்த நொதியையே முடக்கிவிடுகிறது. மிஞ்சிய கார்டிசால், ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனின் வேலையைச் செய்ய ஆரம்பிக்கும். உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும். பிரஷர் ஏறும், கால் வீங்கும், தசைகள் தளரும், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோனைப் பரிசோதித்தால் குறைவாகத்தான் இருக்கும்! அதனால் அதிமதுரம் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லாவிட்டால் காரணம் எளிதில் பிடிபடாது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், கறுப்பு அதிமதுர மிட்டாயை வாரக்கணக்கில் தினமும் பை பையாகத் தின்ற 54 வயதுக்காரர் பொட்டாசியம் சரிந்து, இதயம் நின்று இறந்ததை 2020இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

நாம் மிட்டாய் தின்பதில்லையே என்று விட்டுவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு சொன்ன உச்ச அளவு நாளுக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசின். வேரில் 4 சதவீதம் என்று வைத்தாலே, 3 கிராம் பொடியில் 120 மில்லிகிராம் வந்துவிடுகிறது. கஷாயமும் டீயும் தனிக் கணக்கு.

சித்தரத்தையில் கிளைசிரைசின் இல்லை. நெஞ்செரிச்சல்காரர்களுக்குக் காரம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கிளைசிரைசினைப் பெருமளவு நீக்கிய அதிமதுர மாத்திரையும் விற்கிறது. வயிற்றுக்காக அதிமதுரம் எடுப்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

பிரஷர் உள்ளவர்கள், நீர் பிரியும் மாத்திரையோ டிகாக்ஸின் என்ற இதய மருந்தோ சாப்பிடுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் அதிமதுரத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது. மற்றவர்களுக்கும் தினசரிப் பழக்கத்துக்கு என் ஓட்டு சித்தரத்தைக்குத்தான். ஏற்கெனவே பல நாளாக அதிமதுரம் மெல்பவராக இருந்தால் இன்றே நிறுத்திவிட்டு, பிரஷரையும் பொட்டாசியத்தையும் பார்த்துவிடுங்கள். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அதன் பாதிப்பு நீடிக்கலாம்.