பழைய ஸ்பிரிங்கைக் கையில் வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள்: சென்னையில் நடக்கும் லோவரிங் ஏமாற்று

வேறு ஸ்பிரிங் போட்டு காரின் உயரத்தைக் குறைக்கும் (லோவரிங்) யோசனையில் இருப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வண்டி ஒரு வெள்ளை போலோ. வேலை நடந்தது சென்னைக்குள் உள்ள ஒரு மாடிஃபிகேஷன் கடையில். பில்லில் இருந்தது இறக்குமதி லோவரிங் ஸ்பிரிங் நாலு, 28,000 ரூபாய். லேபரும் வீல் அலைன்மென்ட்டும் தனி. வண்டி பார்க்க அழகாக இறங்கித்தான் வந்தது. ஆனால் கத்திப்பாரா மேம்பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் அதே சத்தம் இன்னும் பலமாக. கடையில் கேட்டதற்கு, "புது ஸ்பிரிங் சார், செட் ஆக ஆயிரம் கிலோமீட்டர் ஓடணும்" என்றார்கள்.

வேறொரு ஒர்க்ஷாப்பில் லிஃப்ட்டில் ஏற்றியதும் விஷயம் வெளியே வந்தது. சிவப்பு பெயின்ட் அடித்த அந்த நாலும் வண்டியோடு வந்த கம்பெனி ஸ்பிரிங்குகளேதான். கிரைண்டரில் ஒரு சுற்றை அறுத்து, ஸ்பிரே அடித்து, திரும்ப மாட்டியிருக்கிறார்கள். டெலிவரி எடுக்கும்போது ஓனர் பழைய ஸ்பிரிங்கைக் கேட்டிருக்கிறார். "ஸ்கிராப்ல போட்டாச்சு சார்" என்று பதில். போட்டிருந்தால் அல்லவா! அவை வண்டியிலேயே இருந்தன.

அறுத்த ஸ்பிரிங்கைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முதலில் கம்பியின் நுனியைப் பாருங்கள். கம்பெனியில் வரும் நுனி, அது உட்காரும் இடமான சீட்டுக்குத் தக்கபடி வளைத்தோ தட்டையாக்கியோ இருக்கும்; பல மாடல்களில் ஒரு பிளாஸ்டிக் உறையும் இருக்கும். அறுத்த நுனி கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருக்கும், ஓரத்தில் பிசிறு தெரியும், கிரைண்டர் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும். அதை மறைக்கத்தான் பெயின்ட். நகத்தால் சுரண்டினால் சிவப்புக்கு அடியில் கறுப்பும், கறுப்புக்கு அடியில் துருவும் வரும். பெயர் உள்ள கம்பெனியின் லோவரிங் ஸ்பிரிங்கில் பார்ட் நம்பர் கம்பியின் மேலேயே அச்சாகியிருக்கும். ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தால் அதை நம்ப வேண்டாம்.

இரண்டாவது சோதனை இன்னும் உறுதியானது. லிஃப்ட்டில் ஏற்றி நாலு வீலும் தொங்கும்போது ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். சரியான ஸ்பிரிங் தொங்கும்போதும் சீட்டை விட்டு அசையாது. அந்த போலோவில் பின்பக்க ஸ்பிரிங் இரண்டும் கையில் லொடலொடவென்று ஆடின. இந்த வண்டியில் பின்பக்க ஷாக் அப்சார்பர் தனி, ஸ்பிரிங் தனி. வீல் பள்ளத்தில் முழுதாக இறங்கினால் ஸ்பிரிங் இடம் மாறலாம், கழன்றே விழலாம். அந்த 'டக்' சத்தம், தளர்ந்த ஸ்பிரிங் மறுபடி வந்து சீட்டில் மோதும் சத்தம். ஆயிரம் கிலோமீட்டர் அல்ல, லட்சம் ஓடினாலும் அது அடங்காது.

சில இடங்களில் அறுக்கக்கூட மாட்டார்கள். கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டி ஸ்பிரிங்கை அமுக்கிவிடுவார்கள். அதில் எஃகின் டெம்பர், அதாவது பதப்படுத்தி ஏற்றிய உறுதி, போய்விடுகிறது. பிறகு அது தானாக இறங்கிக்கொண்டே போகும், ஒருநாள் உடையவும் உடையும். அறுத்ததைவிட ஆபத்தானது இது.

"அறுத்தாலும் வண்டி இறங்குது, ஸ்பிரிங்கும் டைட் ஆகுது, அப்புறம் என்ன?" என்று வாதாடுபவர்கள் உண்டு. கணக்கு இதுதான். வேலை செய்யும் சுற்று ஆறு உள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் விறைப்பு 20 சதவீதம் கூடும். ஆனால் அந்த போலோ முன்பக்கம் 45 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. வீல் மேலே ஏற மிஞ்சியிருந்த இடம் மிகவும் சுருங்கிவிட்டது. அதை ஈடுகட்ட இந்த 20 சதவீதம் போதவே போதாது. சின்னப் பள்ளத்துக்கே ஷாக், பம்ப் ஸ்டாப் என்ற தடுப்புக் கட்டையில் போய் இடிக்கும். அந்தக் கடை பம்ப் ஸ்டாப்பையும் பாதிக்கு அறுத்துவிட்டிருந்தது. லோவரிங் ஸ்பிரிங் தயாரிப்பவர்களே சில மாடல்களுக்கு இவ்வளவு வெட்டு என்று அளவு கொடுப்பார்கள்; அது வேறு. கண் அளவில் அறுத்தால் பிஸ்டன் ஷாக்கின் அடியில் நேராக மோதி, ஆயில் சீல் போய்விடும். முன்பக்க ஷாக் ஒன்றில் ஆயில் கசிந்து புழுதியோடு கெட்டியாக ஒட்டியிருந்தது.

சொகுசு போனது பெரிய நஷ்டமில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஹேண்ட்லிங் போவதுதான் உயிருக்கு ஆபத்து. ஈசிஆரில் வளைவில் போகும்போது வெளிப்பக்க ஷாக் பம்ப் ஸ்டாப்பைத் தொட்டால், அந்த வீலில் விறைப்பு ஒரே நொடியில் பல மடங்கு ஏறும். முன்பக்கம் நடந்தால் ஸ்டியரிங் திருப்பியும் வண்டி நேராக ஓடும். பின்பக்கம் நடந்தால் வால் வீசும். மழையில் முன்னறிவிப்பே இருக்காது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக இருக்கும் அமைப்பு) உள்ள வண்டியை அதிகம் இறக்கினால், வீலைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் வீல் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது ரோல் சென்டர் (வளைவில் வண்டி எதை மையமாக வைத்துச் சாய்கிறதோ அந்தப் புள்ளி), வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்குகிறது. ஸ்பிரிங் போதிய அளவு விறைப்பாக இல்லையென்றால், இறக்கிய வண்டி முன்பைவிட அதிகம் சாயும். வீலைத் திருப்பும் டை ராடின் கோணமும் மாறுவதால், மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் தானாக இழுக்கும். வீல் நிற்கும் கோணங்களான டோவும் கேம்பரும் மாறி டயரின் உள்பக்கம் தேயும். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, டயரின் உள் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள்.

ஏபிஎஸ் (பிரேக்கில் வீல் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத பழைய வண்டிகள் சிலவற்றில், பின்பக்க உயரத்தைப் பார்த்து பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கும். வண்டியை இறக்கினால் அது லோடு ஏறிவிட்டதாக எடுத்துக்கொள்ளும். ஈர ரோட்டில் பிரேக் அடித்தால் பின்வீல் சுழலாமல் பூட்டிக்கொள்ளும்.

ஸ்பீட் பிரேக்கர் விஷயத்தில் கடைக்காரர் சொல்லாத கணக்கையும் பார்த்துவிடலாம். சாலை அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 10 சென்டிமீட்டர் உயரம், வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம். போலோவின் வீல்பேஸ் (முன்வீலுக்கும் பின்வீலுக்கும் உள்ள தூரம்) சுமார் 2.47 மீட்டர் என்பதால் அந்த மேட்டின்மேல் நாலு வீலும் ஏறியே நிற்கும். வயிற்றுப் பக்கம் இடைவெளியில் நாலரை சென்டிமீட்டர்தான் குறையும். ஆனால் நம் தெருக்களில் சிமென்ட்டைக் குவித்துப் போட்ட குறுகிய மேடுகளில் முழு உயரமும் வண்டிக்கு அடியில் வரும். 165 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸில் (தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி) 45 போனால் மீதி 120. அதில் நாலு பேரை ஏற்றுங்கள்.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஷாக் மாற்றாமல் 30 மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். ஸ்பிரிங் பெட்டி உங்கள் எதிரில் உடையட்டும், பார்ட் நம்பரைப் போட்டோ எடுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும், சமதளத்தில், காலி வண்டியில், வீல் நடுவிலிருந்து அதற்கு மேலுள்ள ஃபென்டர் விளிம்பு வரை நாலு பக்கமும் டேப்பில் அளந்து எழுதுங்கள். அந்த போலோவில் முன்பக்கம் இடது வலதுக்கு 9 மில்லிமீட்டர் வித்தியாசம். கண் அளவில் அறுத்ததன் அடையாளம். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வீல் தரையில் நிற்கும் நிலையில்தான் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். அலைன்மென்ட் உடனே ஒருமுறை, ஸ்பிரிங் செட் ஆனதும் இன்னொருமுறை. பிரின்ட் அவுட்டில் உங்கள் வண்டி நம்பர் இருக்கிறதா பாருங்கள். ஹெட்லைட் லெவலையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்சியில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. இதில் சிக்குவது ஓனர்தான், கடைக்காரர் அல்ல.

அறுத்த ஸ்பிரிங் ஏற்கெனவே மாட்டப்பட்டிருந்தால் ஓட்டிப் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டாம். முன் ஜோடி, பின் ஜோடி, பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் எல்லாம் புதிதாக வாங்குங்கள். பழைய பார்ட்ஸ் சந்தையான புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கும், ஆனால் எவ்வளவு தளர்ந்த ஸ்பிரிங் என்பது கண்ணுக்குத் தெரியாது. கழற்றுவதற்கு முன், நம்பர் பிளேட்டும் தெரியும்படி லிஃப்ட்டில் வீடியோ எடுங்கள். அந்த ஒர்க்ஷாப்பிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. "சஸ்பென்ஷன் ஒர்க்" என்று மட்டும் எழுதிய பில் அங்கே உதவாது; பொருளின் பெயரும் எண்ணும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். அறுத்த ஸ்பிரிங் நாலையும் துடைக்காமல், மேற்கொண்டு பெயின்ட் சுரண்டாமல், அப்படியே பையில் கட்டி வீட்டில் வையுங்கள். கடைக்காரர் "கொடுங்க சார், மாத்தித் தர்றேன்" என்று கேட்டாலும் தராதீர்கள்.