கிட் கூட ஓடாத காலை: ஹோம்ப்ரூ பற்றி என் மதிப்பீடு

மேக்கில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஹோம்ப்ரூவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கட்டளை வரியில் கருவிகளை இறக்கித் தரும் மென்பொருள் இது; மேக்ஸ் ஹோவல் 2009-இல் ரூபி மொழியில் தொடங்கியது. இன்று தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள், காசு கிடையாது. "ப்ரூ இன்ஸ்டால்" என்று அடித்துப் பெயரைச் சொன்னால் கருவி வந்து இறங்கிவிடும். அந்த வேலையை அது நன்றாகச் செய்கிறது என்று இதுவரை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது வேறு. ஓஎஸ்ஸைப் புது வெர்ஷனுக்கு மாற்றிய மறுநாள், எதைத் தொட்டாலும் எரர் வருகிறபோது இது எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? இரண்டு அப்கிரேடுகளில் பார்த்துவிட்டேன். ஒன்று 2024-இல், ஒரு முழு நாளைத் தின்றது. அடுத்ததில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டுக்கும் நடுவே நான் கற்றுக்கொண்டதுதான் இந்த மதிப்பீடு.

என் வேலையைச் சொன்னால்தான் என்ன உடைந்தது என்பது புரியும். ஒரு தமிழ்ச் சொற்பட்டியலைப் பல வருடங்களாகத் தொகுத்து வருகிறேன். சொற்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கின்றன. சுத்தம் செய்யும் ஸ்கிரிப்டுகள் பைத்தானில். தேடிப் பார்க்கும் பக்கம் நோட்.ஜேஎஸ்ஸில். எல்லாமே ஹோம்ப்ரூ வழியாக வந்தவை.

2024-இல் ஓஎஸ் மாற்றிய மறுநாள் காலை டெர்மினலைத் திறந்து, கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில் ஸ்டேட்டஸ் பார்த்தேன். டெவலப்பர் பாதை செல்லாது, எக்ஸ்சிரன் (டெவலப்பர் கருவிகளைத் தேடித் தரும் புரோகிராம்) காணவில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. கிட்டுக்கும் எக்ஸ்சிரன்னுக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் குழப்பமாக இருந்தது. சிஸ்டத்தோடு வருகிற கிட் உண்மையில் கிட்டே இல்லை, வாசல் காவலாளி மாதிரி ஒரு சின்ன புரோகிராம். கூப்பிட்டால் உள்ளே போய், கமாண்ட் லைன் டூல்ஸ் என்ற தனித் தொகுப்புக்குள் இருக்கும் நிஜமான கிட்டைத் தேடி எழுப்பும். அந்தத் தொகுப்பு இடத்தில் இல்லையென்றால் கிட் மட்டுமா, புரோகிராம் கட்டும் கருவிகளான மேக் (make), கிளாங் எல்லாமே வாசலோடு திரும்பிவிடும். ஹோம்ப்ரூவும் இதே அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கிறது.

ஆகவே முதல் வேலை அஸ்திவாரம். எக்ஸ்கோட்-செலக்ட் கட்டளையை இன்ஸ்டால் என்ற விருப்பத்தோடு ஓட்டினால் ஒரு பெட்டி திறந்து டவுன்லோடு தொடங்கும். கிட் திரும்பி வந்தது. ஆனால் ப்ரூ இன்னும் முனகியது: உங்கள் கமாண்ட் லைன் டூல்ஸ் பழையது. இங்கேதான் எனக்கு ஹோம்ப்ரூ மேல் மரியாதை கூடியது. பழையது என்று சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. எந்த ஃபோல்டரை நீக்க வேண்டும், அதற்கு என்ன கட்டளை, நீக்கிய பின் எதை ஓட்ட வேண்டும், எல்லாவற்றையும் அங்கேயே அச்சடித்துக் காட்டியது. அப்படியே செய்தேன், சரியானது. பிழைச் செய்தி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை இதைப் பார்க்க வேண்டும்.

அடுத்து ப்ரூ டாக்டர். பெயருக்கு ஏற்ற வேலை: நாடி பார்த்து, எங்கே நோவு என்று சொல்லும், தானாகக் கத்தி எடுக்காது. எனக்கு ஏழு எச்சரிக்கைகள் வந்தன. அவற்றுக்கு மேலேயே ஒரு குறிப்பும் இருக்கும்: இவை பராமரிப்பாளர்கள் பிழை தேட உதவுவதற்காக, உங்களுக்கு எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதென்றால் கவலைப்பட வேண்டாம். இதைப் படிக்காமல் ஏழையும் துரத்தப் போயிருந்தால் பாதி நாள் வீணாகியிருக்கும். உண்மையில் கவனிக்க வேண்டியவை இரண்டுதான்.

ஒன்று, என் மெஷினில் இரண்டு ஹோம்ப்ரூ இருந்தது. பழைய இன்டெல் மேக்கிலிருந்து எல்லாவற்றையும் புதிய மெஷினுக்கு அப்படியே நகர்த்தியபோது கூடவே வந்த எச்சம். இன்டெல் மேக்கில் ஹோம்ப்ரூ யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் குடியிருக்கும். எம்-வகை சிப்புள்ள மேக்கில் ஆப்ட் ஃபோல்டருக்குள் தனக்கென்று ஒரு ஹோம்ப்ரூ ஃபோல்டர் வைத்துக்கொள்ளும். இரண்டும் பாத்தில் (கட்டளைகளை ஷெல் தேடும் ஃபோல்டர் பட்டியல்) இருந்தால் எது முன்னால் நிற்கிறதோ அதுதான் ஓடும். விச் கட்டளையை ஏ விருப்பத்தோடு அடித்துப் பார்த்தால் ஒரே பெயரில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று தெரியும். பழையதை மொத்தமாக நீக்கினேன்.

இரண்டாவதுதான் போஸ்ட்கிரெஸ். அதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றவை போனால் திரும்ப இன்ஸ்டால் செய்துகொள்ளலாம், சொற்பட்டியல் போனால் போனதுதான்.

சர்வர் எழவே இல்லை. லாகைத் திறந்தால் ஒரு லைப்ரரி லோடு ஆகவில்லை என்று இருந்தது: ஐசியு (மொழிகளின் எழுத்து, வரிசை விதிகளைக் கொண்டது), வெர்ஷன் 73. செல்லார் ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தேன். (ஹோம்ப்ரூவில் எல்லாமே சாராயக் கடை மொழி. இறக்கியவை தங்குமிடம் செல்லார், ஒவ்வொன்றும் ஒரு கெக், முன்கூட்டியே கட்டிய பொதி பாட்டில். பழகிவிடும்.) அங்கே ஐசியு 74 இருந்தது, 73 இல்லை. காரணம் என் கையில்தான். போஸ்ட்கிரெஸ் மாறக் கூடாது என்று பல மாதங்களுக்கு முன் அதை "பின்" (pin) செய்து வைத்திருந்தேன். ஓஎஸ் மாறியதும் ப்ரூ அப்கிரேட் அடித்தேன். பின் செய்ததை அது தொடவில்லை. ஆனால் போஸ்ட்கிரெஸ் சாய்ந்து நின்ற ஐசியுவை நான் பின் செய்திருக்கவில்லையே. அது 74-க்குப் போனது, பழையது துப்புரவாகிப் போனது. தூணை மாற்றிவிட்டு உத்தரத்தை மட்டும் பழைய உயரத்திலேயே விட்டால் என்ன ஆகும், அதுதான் நடந்தது.

பின் என்பது பாதுகாப்பு மாதிரி தெரியும், பாதிப் பாதுகாப்புதான். ஒரு கருவியைப் பின் செய்கிறவர் அதன் கீழே உள்ளவற்றையும் யோசித்தே ஆக வேண்டும். இப்போது ஐசியுவின் ஒவ்வொரு பெரிய வெர்ஷனையும் தனித்தனி ஃபார்முலாவாக (இன்ஸ்டால் குறிப்பாக) பிரித்துவிட்டார்கள், அதனால் எனக்கு நேர்ந்த அதே சிக்கல் மற்றவர்களுக்கு வருவது குறைவு. இருந்தாலும் வேறு லைப்ரரிகளுக்கு இதே விதிதான்.

எதையும் செய்வதற்கு முன் டேட்டா ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். சர்வர் ஓடாததால் டம்ப் (டேட்டாவை ஃபைலாக எழுதித் தரும் நகல்) எடுக்க வழியில்லை, ஃபோல்டர் நகல்தான் ஒரே பேக்கப். பிறகு பின்னை எடுத்துவிட்டு, போஸ்ட்கிரெஸ் 14-க்குள்ளேயே அடுத்த சிறு வெர்ஷனுக்குப் போனேன். 14-க்குள் நகர்ந்தால் டேட்டா வடிவம் மாறாது. 14-இலிருந்து 15-க்குப் போவதென்றால் பிஜி-அப்கிரேட் ஓட்ட வேண்டும், அல்லது டம்ப் எடுத்துத் திரும்ப ஏற்ற வேண்டும். அவசரத்தில் இன்று அதைச் செய்ய வேண்டாம் என்று விட்டேன். ப்ரூ சர்வீசஸ் வழியாக ரீஸ்டார்ட் கொடுத்ததும் சர்வர் எழுந்தது. முதல் செலக்ட்டில் சொற்கள் வந்து விழுந்தபோது நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

ஆனால் சொற்களோடு கூடவே ஒரு எச்சரிக்கையும் வந்தது. தமிழுக்கான கொலேஷன் (சொற்களை அடுக்கும் விதித்தொகுப்பு) உருவான வெர்ஷன் வேறு, இப்போது சிஸ்டம் தரும் வெர்ஷன் வேறு. சாதாரணமாகத் தாண்டிப் போகக்கூடிய வரி. தாண்டக் கூடாது. சொற்களை எந்த முறையில் அடுக்குவது, மெய் எங்கே, உயிர்மெய் எங்கே என்ற விதியெல்லாம் ஐசியுவிடம் இருக்கிறது. தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ் அந்த வரிசையை நம்பிக் கட்டப்பட்டது. விதி மாறியிருந்தால், பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸில் புதிய வரிசைப்படி தேடும்போது, உள்ளே இருக்கும் சொல்லே "இல்லை" என்று வரலாம். ஒரே சொல் இரண்டு முறை நுழையவும் இடம் கிடைக்கும். எரர் எதுவும் வராது, சத்தமில்லாமல் தப்பாகிக்கொண்டே இருக்கும். முதலில் ரீஇண்டெக்ஸ் செய்து, அதன் பிறகே ஆல்டர் கொலேஷனில் வெர்ஷனைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்துவிட்டு இண்டெக்ஸை விட்டுவிட்டால் எச்சரிக்கை மட்டும் மறையும், நோய் உள்ளே இருக்கும். இது போஸ்ட்கிரெஸ் சொல்லித் தந்த பாடம், ஹோம்ப்ரூ இதில் வாய் திறக்காது. லைப்ரரியை மாற்றும்போது அதன் மேல் இருக்கும் டேட்டாவுக்கு என்ன ஆகும் என்று அதற்குத் தெரியாது. அது தெரியும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

பைத்தான் வேறு விதமாக ஏமாற்றியது. வென்வ் (ஒரு வேலைக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் சூழல்) ஃபோல்டருக்குள் பைத்தான் ஃபைல் கண்ணுக்குத் தெரிகிறது, ஓட்டினால் அப்படி ஃபைலே இல்லை என்கிறது ஷெல். நீண்ட பட்டியலாகப் போட்டுப் பார்த்தபோது புரிந்தது. அந்த ஃபைல் வெறும் அம்புக்குறி. அம்பு 3.11-ஐக் காட்டுகிறது, அந்த இடத்தில் ஒன்றுமில்லை. 3.11-ஐ நான் பெயர் சொல்லிக் கேட்டு இன்ஸ்டால் செய்ததில்லை, வேறொரு கருவிக்குத் துணையாக வந்தது. அந்தக் கருவி 3.12-க்கு மாறியதும் 3.11-ஐக் கேட்க ஆளில்லை. நான் ஆட்டோரிமூவ் ஓட்டினேன், போய்விட்டது. வென்வை நீக்கிவிட்டு ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலிலிருந்து மறுபடி கட்டினேன், பத்து நிமிடம். வென்வை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முயலாதீர்கள், அது தூக்கிப் போட்டுப் புதிதாகக் கட்டுவதற்கென்றே இருப்பது. நிலையாக வேண்டிய பைத்தான் வெர்ஷனை மட்டும் பெயர் சொல்லி இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது அப்கிரேட் அரை மணியில் முடிந்ததற்குக் காரணம் ப்ரூஃபைல். பண்டில் டம்ப் என்று ஒரு கட்டளை. மெஷினில் நாம் வேண்டிக் கேட்டு வாங்கியவற்றை மட்டும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் வரிவரியாக எழுதித் தரும். என்னிடம் மொத்தம் 190-க்கு மேல் பொதிகள், ப்ரூஃபைலில் 41 வரிகள். இந்த வித்தியாசமே கண்ணைத் திறந்தது. இந்த ஃபைலைக் கிட்டில் வைத்திருக்கிறேன். ஓஎஸ் மாற்றுவதற்கு முன் டேட்டாபேஸுக்கு ஒரு டம்ப், ப்ரூஃபைலுக்கு ஒரு டம்ப். மாற்றிய பின் கமாண்ட் லைன் டூல்ஸ், ப்ரூ அப்டேட், அப்கிரேட், பண்டில் செக். கீழிருந்து மேலே, இந்த வரிசை மாறக் கூடாது. மேலே உள்ள எரரை முதலில் துரத்தினால் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று உடையும்.

குறைகளும் உண்டு. ஒன்றை இன்ஸ்டால் செய்யப் போனால் முதலில் தன்னையே அப்டேட் செய்துகொள்ளும், கேட்காத வேறு பொதிகளும் சேர்ந்து மாறலாம். நிறுத்த ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கிறது, புதியவர்களுக்குத் தெரியாது. கடைசி மூன்று மேக்ஓஎஸ் வெர்ஷன்களுக்குத்தான் முழு ஆதரவு. அதற்கும் பழையதில் இருந்தால் பாட்டில் கிடைக்காமல் சோர்ஸிலிருந்து கட்ட வேண்டி வரும், மெஷின் மணிக்கணக்கில் கொதிக்கும். பயன்பாட்டுத் தகவலைப் பெயரில்லாமல் சேகரிக்கிறது. அனலிடிக்ஸ் ஆஃப் என்று ஒரே கட்டளையில் நிறுத்தலாம், ஆனால் நிறுத்துவது நம் பொறுப்பு.

சிஸ்டத்துக்குள் இருக்கும் கருவிகள் மாறினால் இதனால் பெரிதாக உதவ முடியாது. வெளி சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் 2021-இல் 8.8 வெர்ஷனிலிருந்து பழைய ஆர்எஸ்ஏ-ஷா1 கையொப்பத்தை இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. 2024-க்கு முந்தைய ஒரு அப்கிரேடில் பழைய சர்வருக்குள் நுழைய முடியாமல் நின்றேன். கான்ஃபிக்கில் ஒரு வரி சேர்த்துத் தற்காலிகமாகத் திறந்து, இடி25519 என்ற புதிய வகைச் சாவி உருவாக்கி, அன்றே பழையதை எடுத்துவிட்டேன்.

ஐந்துக்கு நான்கு தருவேன். புரோகிராம் எழுதி வாழ்கிறவர்கள் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். டேட்டாபேஸையும் இதன் வழியாகவே ஓட்டுகிறவர்கள் பின் கட்டளையை நம்பாமல் பேக்கப்பை நம்புங்கள்.

இன்னும் ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. டிஸ்கியில் (TSCII, பழைய தமிழ் எழுத்துக் குறியீடு) இருந்த பழைய ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்ற நான் எழுதிய ஸ்கிரிப்ட் பைத்தான் 2.7-இல் இருக்கிறது. மேக்ஓஎஸ் 12.3-இலிருந்து 2.7 சிஸ்டத்தில் கிடையாது, ஹோம்ப்ரூவும் அதை எப்போதோ எடுத்துவிட்டது. இப்போது ஒரு டாக்கர் கன்டெய்னருக்குள் (சிஸ்டத்திலிருந்து தனித்து வைத்த சூழல்) அதை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மாற்ற வேண்டிய ஃபைல்கள் இன்னும் 300-க்கு மேல் இருக்கின்றன. அடுத்த அப்கிரேட் வருவதற்குள் ஸ்கிரிப்டைப் பைத்தான் 3-க்கு எழுதி முடிக்க வேண்டும். பைட்டையும் எழுத்தையும் பிரித்துக் கையாளும் முதல் ஃபங்ஷனை நேற்று தொடங்கியிருக்கிறேன்.