380 பவுண்டுக்கு ஒட்டுப்போட்ட கோமாளி

ஒரு பழைய பீங்கான் ஜக்கை எப்படிச் சோதித்து வாங்குவது என்று முழுசாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது.

பொருள்: ராயல் டோல்டன் என்ற ஆங்கிலேய பீங்கான் நிறுவனத்தின் முக ஜக் (முகம் போலவே வார்த்த ஜக்), வெள்ளை முடிக் கோமாளி, பெரிய அளவு, மாடல் எண் டி6322. 1951 முதல் 1955 வரைதான் செய்தார்கள், அதனால்தான் கிராக்கி. இடம்: இணைய ஏலத் தளம் ஒன்று. விலை: 380 பவுண்ட்.

ஒன்பது படங்கள் போட்டிருந்தார் விற்றவர். அடிப்பக்கத்தில் சிங்கமும் கிரீடமும் உள்ள நிறுவன முத்திரை, அதன் மேல் பாதியாக ஒட்டிய பழுப்பேறிய விலைச் சீட்டு. “அந்தக் காலத்துக் கடைச் சீட்டு, பிய்த்துவிடாதீர்கள்” என்று ஒரு அக்கறை வேறு. விரிசல் இல்லை, ஒட்டு இல்லை, அத்தை வீட்டு அலமாரியிலேயே இருந்ததாம். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் நம்பினேன்.

வெதுவெதுப்பான தண்ணீரில் சீட்டு ஊறி வந்ததும் முத்திரையின் குறுக்கே கிளேஸை, அதாவது மேலே உள்ள கண்ணாடிப் பூச்சை, சுரண்டிய கோடு. இரண்டாம் தரம் என்று தொழிற்சாலையே கழித்துவிடும்போது போடுகிற கோடு அது. விளக்கை அணைத்து யூவி (புற ஊதா) டார்ச் அடித்தால், கைப்பிடியின் மேல் பொருத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒளிர்கிறது. ஊசிமுனை கிளேஸில் வழுக்கி ஓடும். இங்கே சிக்கி இழுத்தது. பஞ்சில் அசிட்டோன் (நகப்பூச்சு அகற்றும் திரவம்) தொட்டுத் துடைத்தேன், பெயின்ட் கரைந்து வந்தது. அடியில் மஞ்சளாகப் பசைக் கோடு. உடைந்த கைப்பிடி!

விற்றவரிடம் கேட்டதற்கு முதல் பதில், “வெளிச்சத்தில் அப்படித் தெரியும்.” அடுத்தது, “கூரியரில் உடைந்திருக்கும்.” கூரியர்க்காரரே ஒட்டிப் பெயின்டும் அடித்துக் கொடுத்தாராக்கும். தளத்தில் புகார் போட்டால், அசிட்டோன் தொட்டதால் பொருள் அனுப்பிய நிலையில் இல்லை, திருப்ப முடியாது என்று மூடிவிட்டார்கள். 380 பவுண்டும் போச்சு. இரண்டாம் தரம், அதிலும் ஒட்டுப்போட்டது, அதற்கு 380!

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. முத்திரையை எதுவும் மறைத்திருந்தால், எடுத்துவிட்டுப் படம் அனுப்பச் சொல்லுங்கள். கைப்பிடிப் பொருத்து, தொப்பி விளிம்பு, மூக்கு மூன்றுக்கும் யூவி வெளிச்சத்தில் படம் கேளுங்கள். வந்ததும் நகத்தால் தட்டிப் பாருங்கள், விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். ஊசி, அசிட்டோன் எதையும் புகார் முடியும்வரை தொடாதீர்கள். பெட்டியைத் திறப்பதையே வீடியோ எடுங்கள்.