கோஸ்ட்சாட்: கரைக்கோட்டின் நகர்வைக் கணக்கெடுக்க உதவும் இலவச மென்பொருள்

துறைமுகத்துக்கோ தூண்டில் வளைவுக்கோ (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவர்) கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி பெற்றவர்கள், நிபந்தனைகளை நிறைவேற்றியது குறித்த அறிக்கையை ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 31 ஆகிய தேதிகளில் அளிக்க வேண்டும், அதைப் பொதுவெளியிலும் வைக்க வேண்டும் என்கிறது அந்த மண்டலத்துக்கான மத்திய அரசின் அறிவிக்கை. கரை எவ்வளவு நகர்ந்தது என்பதை அந்த அறிக்கையின் வாயால் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த மீனவக் கிராமங்களுக்கு, தாங்களே பார்த்துச் சொல்ல ஒரு வழி வேண்டும் என்பது என் நெடுநாள் கவலை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘கோஸ்ட்சாட்’ அந்தக் கவலையைப் பெருமளவு தீர்க்கிறது.

இது பைத்தான் நிரல்மொழியில் இயங்கும் திறமூல மென்பொருள், கட்டணம் இல்லை. நமக்கு வேண்டிய கரைப்பகுதியைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்து கொடுத்தால், லேண்ட்சாட், சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களைக் கூகுளின் செயற்கைக்கோள் படத் தொகுப்பான கூகுள் எர்த் எஞ்சினிலிருந்து இறக்கி, ஒவ்வொரு படத்திலும் நீரும் மணலும் சந்திக்கும் கோட்டை வரைந்து தருகிறது. நிறுவுவதுதான் சிரமம், கணினியில் ஓரளவு பழக்கம் உள்ள கல்லூரி மாணவர் ஒருவர் உடன் இருந்தால் நல்லது.

நான் இதைப் பயன்படுத்திப் பார்த்தது புதுச்சேரிக் கரையில். திரையில் ஒவ்வொரு தேதியின் படமும் மணல் ஆரஞ்சாகவும், நீர் நீலமாகவும், நுரை ஊதாவாகவும் பிரிந்து வருகிறது. கோடு சரியாக விழுந்திருந்தால் வலது அம்பு விசையை அழுத்தி ஏற்கலாம், மேகமோ நுரையோ கோட்டைக் குழப்பியிருந்தால் இடது அம்பு விசையை அழுத்தித் தள்ளிவிடலாம். நூற்றுக்கணக்கான படங்களை இப்படி ஒவ்வொன்றாகப் பார்ப்பது அலுப்பான வேலைதான், ஆனால் மென்பொருளின் நம்பகத்தன்மை முழுவதும் அந்த அலுப்பைப் பொறுத்துக்கொள்வதில் இருக்கிறது.

நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1989 வாக்கில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே வீராம்பட்டினத்தில் மணல் சேர்ந்தது. வடக்கே நகரக் கடற்கரை அரித்துப் போனது. அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று நகர்ந்து, தமிழக எல்லைக்குள் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் வரை போனது.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய இடங்களில் கரைக்கோடு ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கும். வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் ‘கரை நிலையாக இருக்கிறது’ என்று எழுதிவிடலாம். உண்மையில் அங்கே நிலையாக இருப்பது கல். மணல் போய்விட்டது, கரைவலை இழுக்கவும் படகு ஏற்றவும் இருந்த இடம் அதோடு போய்விட்டது. எனவே கல் கொட்டப்பட்ட ஆண்டைக் கூகுள் எர்த்தின் பழைய படங்களில் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய கோட்டையும் பிந்தைய கோட்டையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். ‘மாற்றம் இல்லை’ என்று சொல்லும் எந்த அறிக்கையிடமும் நான் முதலில் கேட்கும் கேள்வியும் இதுதான்: அசையாமல் நிற்பது மணலா, கல்லா?

குறைகள் உண்டு. ஏறத்தாழ பத்து மீட்டர் பிழை இருக்கும் என்பதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள்; ஆகவே ஒரே புயலில் போன ஐந்து மீட்டரை இதை வைத்து வாதாட முடியாது, பல ஆண்டுப் போக்கைத்தான் காட்ட முடியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், கரை அதிகம் அடிவாங்கும் அதே மாதங்களில், மேகமில்லாத படம் கிடைப்பது அரிது. ஏற்றவற்றத் திருத்தத்தை, அதாவது படம் எடுத்த நேரத்தில் கடல்நீர் ஏறியிருந்ததா வற்றியிருந்ததா என்பதற்கேற்பக் கோட்டைச் சரிசெய்வதை, தவறவிடக் கூடாது: பத்துக்கு ஒன்று என்ற சரிவுள்ள கரையில் நீர்மட்டம் அரை மீட்டர் ஏறினாலே கோடு ஐந்து மீட்டர் உள்ளே வந்துவிடும். முதல் முறை நான் அந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டு, இல்லாத அரிப்பை இருப்பதாக நம்பி ஒரு வாரம் வீணாக்கினேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இது காட்டுவது படம் எடுத்த நொடியில் நீர் நின்ற கோடு. சட்டம் அளவுகோலாகக் கொள்வது உயர் அலைக் கோட்டை, அதாவது பெரும் ஏற்றத்தின்போது நீர் நிலத்தில் எட்டும் கோட்டை. அதை வரையறுக்கும் பொறுப்பு அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளுடையது. ஒரு கட்டடம் தடைசெய்யப்பட்ட தொலைவுக்குள் இருக்கிறதா என்பதை இந்த மென்பொருளை வைத்துத் தீர்ப்பு சொல்வது தவறு. அதற்கு ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த எல்லையை அறிந்து பயன்படுத்துகிறவர்களுக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஒரு முறை அமைத்துவிட்டால் புதிய படங்களைச் சேர்த்துப் பார்க்க ஒரு மாலைப் பொழுது போதும். மே மாதக் கடைசியிலும் டிசம்பர் நடுவிலும் அதைச் செய்து வைத்துக்கொண்டால், அறிக்கை வெளிவரும்போது அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஊரிடமும் ஒரு கோடு இருக்கும்.